டிஸ்க் டிரைவ்களுக்கு ஒரு சீனியாரிட்டி லிஸ்ட்

"வெவ்வேறு அழுத்தத் தகுதி கொண்ட பாய்லர்களை ஒரே பொதுக்குழாயில் இணைத்தால், அக்குழாய் முழுவதையும் குறைந்த தகுதி கொண்ட பாய்லரின் அழுத்தத்திலேயே இயக்க வேண்டும். ஆகவே இத்தகைய இணைப்பைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாத நேர்வில் தலைமைப் பொறியாளரின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும்."

எங்கள் நிறுவனத்தின் வொர்க்ஸ் மானுவலில் நீராவி பற்றிய அத்தியாயத்தில் உள்ள விதி இது. பாய்லர் என்று இருக்கும் இடங்களில் டிஸ்க் டிரைவ் என்று போட்டுப் படித்தால் ஒரு எழுத்துகூடப் பிசகாது. அப்படிப் போட்டுப் படிக்க ஒருவருக்கு மனம் வந்திருந்தால் நான் இந்தக் குறிப்பை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஹைதராபாத்தில் உப்பல் போகும் வழியில் இருந்த ஒரு மத்திய அரசுப் பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பம்புகளும் வால்வுகளும் செய்தோம். முதல் பதினான்கு வருஷம் பிளான்ட் யுடிலிட்டி பிரிவில் பாய்லர், கம்ப்ரஸர் இவற்றோடு இருந்தேன். பிறகு கணிதம் படித்தவன் என்பதால் ஈ.டி.பி. பிரிவுக்கு, அதாவது கம்ப்யூட்டர் அறைக்கு, தலைவனாக மாற்றப்பட்டேன். அந்தப் பிரிவு ஃபைனான்ஸ் இலாகாவின் கீழ் இருந்தது. கம்ப்யூட்டர் கணக்குப் போடும், கணக்கு ஃபைனான்ஸுடையது, ஆகவே கம்ப்யூட்டரும் ஃபைனான்ஸுடையது. இந்தத் தர்க்கத்தில் யாரும் ஓட்டை கண்டுபிடிக்கவில்லை.

1. புதியவை வந்தன

இன்றைய இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் டிஸ்க் டிரைவ் என்பது துணி துவைக்கும் மெஷின் அளவுக்கு இருக்கும். மூடியைத் திறந்து, அடுக்கடுக்கான தட்டுகள் கொண்ட டிஸ்க் பேக்கை உள்ளே இறக்கித் திருகி மூட வேண்டும். சுழல ஆரம்பித்தால் தரை அதிரும். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன. எண்பதில் வாங்கியவை. 'ஜீரோ', 'ஒன்' என்று முகப்பில் பெயின்டால் எழுதியிருக்கும்.

எண்பத்தைந்தில் ஸ்டோர்ஸ் கணக்கு பெருத்துவிட்டது. எந்த பாகம் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது, எது தீரப்போகிறது என்று வாராவாரம் ஒரு ஷார்ட்டேஜ் லிஸ்ட் எடுத்து, திங்கட்கிழமை காலை அசெம்ப்ளி ஷாப்புக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு டிஸ்கில் இடமும் போதவில்லை, வேகமும் போதவில்லை.

என்ன வாங்கலாம் என்று ஆராய்ந்து நோட் எழுதும் வேலை கல்யாணியிடம் வந்தது. கல்யாணி புதிதாகச் சேர்ந்த சிஸ்டம்ஸ் ஆஃபீசர், புரொபேஷனில் இருந்தாள். அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்தவர், வீடு செகந்திராபாத் பக்கம் போலாரத்தில். பூர்வீகம் வேலூர் என்றாலும் அவள் பேசும் தமிழில் பாதி போலாரத்து உருதுதான்.

மூடி வைத்த சீல்டு டிரைவ்கள் இரண்டு வாங்கலாம் என்று எழுதினாள். கொள்ளளவு பல மடங்கு. டேட்டா போய்வரும் வேகம் பழையதைப் போல இரண்டு மடங்கு. நோட்டின் கடைசிப் பத்தியில் அவள் எழுதியிருந்தது: "புதிய டிரைவ்களைப் பழையவற்றுடன் ஒரே கண்ட்ரோலரில் இணைக்கக் கூடாது."

கண்ட்ரோலர் என்பது கம்ப்யூட்டருக்கும் டிஸ்குகளுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கார்டு. அதிலிருந்து ஒரே கேபிள் ஒவ்வொரு டிரைவாகத் தொட்டுக்கொண்டு போகும், நான்கு டிரைவ் வரை. வேகத்தைத் தீர்மானிக்கும் சின்னச் சின்ன ஸ்விட்சுகள் கார்டின் மேல் இருக்கும். அந்தக் கார்டுக்கு ஆளுக்கு ஒரு வேகத்தில் பேசத் தெரியாது. வரிசையில் மெதுவானது ஒன்று இருந்தால், அதற்கேற்ற வேகத்தில்தான் எல்லாவற்றோடும் பேசும்.

நோட் ஃபைனான்ஸுக்குப் போய்த் திரும்பியது. "கொள்முதல் வரையில் பரிந்துரை ஏற்கப்படுகிறது" என்று ஒப்புதல் வந்திருந்தது. கொள்முதல் வரையில். கடைசிப் பத்தி கொள்முதலுக்குப் பிற்பாடு வருவது அல்லவா?

டிரைவ்கள் வந்து இறங்கின. பழையதை ஓரமாக நகர்த்திவிட்டு, புதியதை மட்டும் இணைத்து சோதனை ஓட்டம் நடத்தினோம். காலையில் தொடங்கிய ஷார்ட்டேஜ் லிஸ்ட் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன் பிரிண்டரில் இருந்தது. முன்பெல்லாம் ஷிஃப்ட் முடியும்வரை ஓடும். சர்வீஸ் கம்பெனியின் இன்ஜினியர் பாஷா, "ஹவ் மேடம், கோடா மாஃபிக் தௌட்தா!" என்றார். குதிரை மாதிரி ஓடுகிறதாம். கல்யாணி அன்று எல்லோருக்கும் கேன்டீன் சமோசா வாங்கிக் கொடுத்தாள்.

2. சேர்ந்த தேதிப்படி

மறுநாள் ஃபைனான்ஸ் டெபுடி ஜெனரல் மேனேஜர் நரசிம்மன் பார்வையிட வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தன் வாழ்நாளில் ஒரு ஆடிட் பாராகூட, அதாவது தணிக்கை அறிக்கையில் ஒரு ஆட்சேபப் பத்திகூட, வாங்காதவர், வாங்காமலே ரிடயர் ஆக வேண்டும் என்று இருந்தவர்.

"என்ன சாமிநாதன், பழசு ரெண்டும் ஏன் மூலைல நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"கழட்டியாச்சு சார். புதுசு மட்டும் போதும்."

"கழட்டியாச்சா? எட்டு வருஷம் லைஃப். இன்னும் மூணு வருஷம் பாக்கி இருக்கு. சும்மா நின்னா ஐட்ல் அசெட். ஆடிட் பாரா வரும். பாராவுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

கல்யாணி குறுக்கிட்டாள். "சார், அதைச் சேர்த்தா புதுசும் ஸ்லோ ஆயிடும் சார். நோட்லயே எழுதியிருக்கேன்."

"நோட்ல ஆயிரம் எழுதலாம்மா. அப்ரூவல்ல இருக்கா?"

இல்லை. அவர் புதிய டிரைவ்களின் முகப்பைக் குனிந்து பார்த்தார். கல்யாணி அவற்றின் மேல் 'ஜீரோ', 'ஒன்' என்று காகிதம் ஒட்டியிருந்தாள்.

"இது எப்படி ஜீரோ?"

"முக்கியமான ஃபைல் எல்லாம் ஜீரோல இருக்கும் சார். மெஷின் ஸ்டார்ட் ஆகறதே அதுலேர்ந்துதான். ஃபாஸ்டா இருக்கறதை ஜீரோ ஆக்கினா…"

"நேத்து வந்தது எப்படிம்மா ஜீரோ ஆகும்? அஞ்சு வருஷமா ஒரு ரிப்பேர் இல்லாம உழைச்சது டூ, த்ரீன்னு பின்னாடி போகணுமா? அசெட் ரிஜிஸ்டர்ல பழசுதான் ஜீரோ. மெயின் ஃபைல் அனுபவம் உள்ள மெஷின்ல இருக்கட்டும். புதுசு கொஞ்ச நாள் ஓடிக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. அந்த வாரமே ஒரு ஆபீஸ் ஆர்டர் வந்தது. டிஸ்க் டிரைவ்கள் சேர்ந்த தேதிப்படி பூஜ்யம் முதல் மூன்று வரை எண்ணப்படும், பணிச்சுமை நான்குக்கும் சமமாகப் பங்கிடப்படும், முதன்மைக் கோப்புகள் முதலிரண்டு டிரைவ்களில் இருத்தப்படும். நகல் ஸ்டோர்ஸ், ஆடிட், பர்சனல் ஆகிய பிரிவுகளுக்கு. டிஸ்க் டிரைவ் பற்றிய ஆர்டரின் நகல் ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனல் இலாகாவுக்குப் போனது இந்தியாவிலேயே அங்கு மட்டும்தான் இருக்கும்.

பழையவற்றுக்கு மின்சாரம் மட்டும் கொடுத்து, கேபிளைச் சொருகாமல் விடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. எங்கள் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் ஒரு வழக்கம் உண்டு. வெரிஃபை செய்ய வருபவர் ஒவ்வொரு மெஷின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் 'உபயோகத்தில் உள்ளது'. சில்லென்றிருந்தால் 'உபயோகத்தில் இல்லை'. லேத்துக்காக ஏற்பட்ட வழக்கம், டைப்ரைட்டர் தவிர எல்லாவற்றுக்கும் பரவியிருந்தது.

"அவ்வளவுதானே சார்?" என்றாள் கல்யாணி. "கேபிள் நக்கோ, வேணாம். அயர்ன் பாக்ஸ் ஒண்ணை மேல வெச்சு எடுத்துடலாம்."

ஆனால் எந்த டிரைவில் எந்தெந்தக் கோப்பு என்று மாதாமாதம் நரசிம்மனுக்கு அறிக்கை போக வேண்டும் என்று அந்த ஆர்டரின் கடைசி வரி சொன்னது. அதில் பொய் எழுத எங்கள் இருவருக்குமே மனமில்லை.

3. யாருடைய கையெழுத்து

பாஷா வந்து நான்கையும் ஒரே கேபிளில் கோத்தார். கார்டை வெளியே எடுத்து, ஸ்விட்சைக் கீழ்வேகத்துக்குத் தள்ளும் முன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"லிக்கோ தேவ் மேடம். பாத் மே மேரே கூ நக்கோ போலோ."

எழுதிக் கொடுங்கள், அப்புறம் என்னைச் சொல்லாதீர்கள் என்று அர்த்தம். அவர் பக்கம் நியாயம் இருந்தது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி வேகம் குறைக்கப்பட்டது" என்று எழுதினார். அதில் டூட்டியில் இருக்கும் அதிகாரி கையெழுத்திட வேண்டும். அன்று நான் கோடவுன் இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பப்பட்டிருந்தேன், இதெல்லாம் கல்யாணி சொல்லித் தெரிந்தது. கல்யாணி கையெழுத்திட்டாள், ஆபீஸ் ஆர்டரின் எண்ணையும் பக்கத்தில் குறித்தாள். பாஷா தன் காப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்ததை விளக்கக் கணிதம் வேண்டியதில்லை. புதிய டிரைவ்கள் பழையவற்றின் வேகத்தில் ஓடின. அதோடு நிற்கவில்லை. ஒரே கோப்பை நான்காகப் பங்கிட்டிருந்ததால், புதியவை தம் பங்கை முடித்துவிட்டு, பழையவற்றின் தலை இடம் தேடி நகர்ந்து வரும்வரை காத்திருந்தன. முன்பு இரண்டே டிரைவ் இருந்த காலத்தில் ஷிஃப்டுக்குள் முடிந்த வேலை இப்போது மறுநாளைக்குப் போயிற்று. திங்கள் காலை போக வேண்டிய ஷார்ட்டேஜ் லிஸ்ட் செவ்வாய் மத்தியானம் போயிற்று. எந்த பாகம் இல்லை என்று தெரியாமல் அசெம்ப்ளி ஷாப்பில் பம்புகள் பாதி கோத்த நிலையில் நின்றன.

4. பாய்லர் அத்தியாயம்

மாத ரிவ்யூ மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் நேராகக் கேட்டார். புது மெஷின் வந்தும் வேலை பின்னால் போகிறதே, இதற்கா அந்நியச் செலாவணி வாங்கினோம்?

நரசிம்மன் ஃபைலைத் திறக்காமலே பதில் சொன்னார். "டெக்னிக்கல் ரெக்கமெண்டேஷன் மிஸ் கல்யாணியோடது சார். ஸ்பீடு டபுள்னு எழுதியிருக்காங்க. அச்சீவ் ஆகல. அதுவும் இல்லாம, ஸ்பீடைக் குறைச்சதா சர்வீஸ் ரிப்போர்ட் இருக்கு. கையெழுத்தும் அவங்களோடதுதான்."

நான் மானுவலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மேலே எழுதிய விதியை எழுந்து நின்று படித்தேன். குழாயும் கேபிளும் ஒன்றுதான் என்று விளக்கினேன்.

"சாமிநாதன், அது பாய்லர் சாப்டர்" என்றார் நரசிம்மன். "நம்ம ரூம்ல ஏசிதானே ஓடுது?"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு பிரிவைப் பற்றியதாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன், நல்ல ஜோக்தான்.

ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. நேரில் காட்டுங்கள் என்றார் ஜெனரல் மேனேஜர். அந்த வெள்ளிக்கிழமை நரசிம்மன் முன்னிலையில் பழைய இரண்டையும் கழற்றினோம், ஸ்விட்சை மாற்றினோம். கல்யாணி முந்தின நாளே கோப்புகளைப் புதியவற்றில் ஏற்றி வைத்திருந்தாள். காலையில் தொடங்கிய லிஸ்ட் சாப்பாட்டு மணிக்கு முன் முடிந்தது. அச்சடித்த தாளைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி. அப்போ பழசு இல்லேன்னா ஓடும். பழசு இருந்தா ஓடாது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அப்போ குறை யார்கிட்ட இருக்கு? பழசு எப்பவும் போலத்தான் ஓடுது. புதுசுக்குத்தான் கூட இருக்கறவங்களோட அனுசரிச்சுப் போகத் தெரியல. கூட்டுக் குடும்பத்துல குப்பை கொட்டத் தெரியாத மெஷினை வாங்கிட்டு வந்திருக்கீங்களேம்மா."

கல்யாணி "ஹவ் சார்" என்று மட்டும் சொன்னாள். ஆமாம் சார் என்று அர்த்தம். அவர் கேட்ட பிறகு வேறென்ன சொல்ல முடியும்?

பழைய இரண்டும் ஆர்டர்படி மறுபடி கேபிளில் ஏறின. அடுத்த வாரம் அவளுக்கு மெமோ வந்தது. தவறான தொழில்நுட்ப மதிப்பீட்டால் நிறுவனத்துக்குப் பயனற்ற கொள்முதலை ஏற்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு.

5. எழுத வேண்டிய இரண்டு வரி

புரொபேஷனை ஒரு முறைதான் நீட்டிக்கலாம் என்பது விதி. கல்யாணிக்கு ஏற்கெனவே ஒரு முறை நீட்டித்தாயிற்று, வேறொன்றுமில்லை, முதல் வருஷ ரகசிய அறிக்கை தபாலில் தொலைந்ததால். எனவே இந்த முறை நிரந்தரம் அல்லது வீடு. மெமோ பாக்கி இருக்கும் வரை நிரந்தரம் செய்ய முடியாது.

நான் டெல்லியில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஆயுள் முடியாத சாதனத்தைத் தொழில்நுட்பக் காரணத்துக்காகக் கழற்றி வைக்கலாமா, வொர்க்ஸ் மானுவலின் பொதுக்குழாய் விதி இதற்குப் பொருந்துமா, பொருந்துமானால் அந்த அதிகாரி மீதான மெமோவுக்கு இடமுண்டா என்று மூன்றே கேள்வி. முறைப்படி ஜெனரல் மேனேஜர் வழியாகத்தான் அனுப்பினேன். நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. நினைவூட்டலுக்கு எத்தனை நாள் இடைவெளி விட வேண்டும் என்பதற்கும் விதி உண்டு, அதையும் மீறவில்லை.

கெடு நெருங்கியது. பர்சனல் மேனேஜர் கல்யாணியைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு பேசினார். நெல்லூர்க்காரர், ஆனால் மெட்ராஸில் படித்தவர், தமிழ் நன்றாக வரும்.

"ரெண்டே வரிதான்மா. 'வேகம் பற்றிய என் மதிப்பீடு மிகையானது, வருந்துகிறேன்.' வார்னிங்கோட மெமோவை மூடிடறேன். நாளைக்கே கன்ஃபர்மேஷன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மிகை இல்லையே சார். நரசிம்மன் சார் கையில தாளைக் கிழிச்சுக் குடுத்தேனே."

"அதெல்லாம் இருக்கட்டும். ரெக்கார்டுக்கு ஒரு பதில் வேணும்."

"ரெக்கார்டுக்கு வேணும்னா பாஷா ரிப்போர்ட்ல ஆபீஸ் ஆர்டர் நம்பர் இருக்கு சார். யார் சொல்லி ஸ்பீடு குறைஞ்சதுன்னு அதுலயே இருக்கு."

"அந்த ஆர்டர் போட்டவரை நான் கேள்வி கேக்க முடியுமாம்மா?"

முடியாது. நரசிம்மன் அவரைவிட ஒரு கிரேடு மேல்.

வெளியே வராந்தாவில் கல்யாணி என்னிடம் கேட்டாள். "சார், நான் இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு வேற யூனிட்ல யாராவது புதுசையும் பழசையும் ஒண்ணா மாட்டினா, கல்யாணி சொல்லியிருக்கா, புதுசே ஸ்லோதான்னு காட்டுவாங்கல்ல?"

"காட்டுவாங்க."

"கைக்கு சார் அந்த வேலை? வேணாம்." எதற்கு அந்த வேலை என்றாள்.

"ஹெட் ஆபீஸ் பதில் வந்துட்டா…" என்று ஆரம்பித்தேன்.

"வரும் சார். கவர்மென்ட் தபால் வராம இருக்குமா? நான்தான் இருக்க மாட்டேன்."

இருக்கவில்லை. கெடு முடிந்த அன்று 'நிரந்தரப் பணிக்குத் தகுதியானவராகக் காணப்படவில்லை' என்ற வரியோடு அனுப்பப்பட்டாள். அன்று மாலைகூட நான்கு டிரைவ்களிலும் எந்தெந்தக் கோப்பு என்ற மாதாந்திர அறிக்கையை டைப் அடித்து என் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனாள். கேட்டில் செக்யூரிட்டி வழக்கப்படி அவள் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து பார்த்தார். பிறகு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். மேஜை மேல் வைக்கும் சின்ன கம்ப்யூட்டராம், உள்ளே ஒரே ஒரு டிஸ்காம்.

6. செட் ஆகிவிட்டது

எண்பத்தெட்டில் பழைய டிரைவ்களின் எட்டு வருஷம் முடிந்தது. சர்வே கமிட்டி கூடியது. கழித்துக்கட்டலாம் என்று கையெழுத்திட்டது. ட்ராலியில் ஏற்றி ஸ்கிராப் யார்டுக்குத் தள்ளிப் போனார்கள். பாஷா வந்து ஸ்விட்சை மேலே தள்ளினார். அந்த வாரத்து ஷார்ட்டேஜ் லிஸ்ட் சாப்பாட்டு மணிக்கு முன் முடிந்தது. அதற்கு அடுத்த வாரமும் முடிந்தது.

ரிவ்யூ மீட்டிங்கில் ஜெனரல் மேனேஜர் பாராட்டினார். நரசிம்மன் அடக்கத்தோடு, "புதுசு இப்போதான் சார் செட் ஆயிருக்கு. ஆரம்பத்துல கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு. பொறுமையா வழிக்குக் கொண்டுவந்தோம்" என்றார். சாதனங்களை முழுமையாகப் பயன்படுத்தியதற்காக ஃபைனான்ஸ் இலாகாவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கிடைத்தது. அதே வருஷம் அவர் ஒரு ஆடிட் பாராகூட இல்லாமல் ரிடயர் ஆனார். மாலை போட்டவர்களில் நானும் உண்டு. பிரிவுத் தலைவர் மாலை போட வேண்டும் என்பது வழக்கம்.

இதில் நான் கற்றது என்ன என்று கேட்பீர்கள். மெதுவானதையும் வேகமானதையும் ஒரே கம்பியில் கட்டாதீர்கள் என்பது டெக்னிக்கல் பாடம், அது எந்த மானுவலிலும் கிடைக்கும். மற்றது மானுவலில் கிடைக்காது. நான் விதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். எனக்குத் தெரிந்த விதி சரியான விதி. அதை உரிய இடத்தில், உரிய முறையில், உரிய வழியாக எடுத்துச் சொன்னேன். ஒரு விதி யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு உயிர் வரும் என்பதை, எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே ஒருவர் சரியாக எழுதியிருந்தால், அவருடைய கடைசிப் பத்தி ஒப்புதலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பெட்டியைப் பிரியுங்கள்.

டெல்லியிலிருந்து பதில் வந்தது. என் மூன்று கேள்விகளுக்கும் வரிசையாக விடை இருந்தது. தொழில்நுட்பக் காரணத்துக்காகப் பழைய டிரைவ்களைக் கழற்றி வைப்பதில் ஆட்சேபனை இல்லை. பொதுக்குழாய் விதி இதற்கும் பொருந்தும். ஆகவே சம்பந்தப்பட்ட அதிகாரி மீதான மெமோ கைவிடப்படலாம், அவருடைய நிரந்தரப் பணி உறுதியைத் தாமதமின்றி மேற்கொள்ளவும். கடிதத்தில் பிழை எதுவும் இல்லை. தபால் பிரிவு அதன் மேல் குத்திய முத்திரையில் இருந்த தேதி 31 மார்ச் 1989.